கோயில் குளமும் தெற்குத் தெருவும்: திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும், கட்டளைதாரர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு பணம் அனுப்பிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குழுச் செயலாளரின் வணக்கம்.

குடமுழுக்கு நல்லபடியாக நடந்து, மண்டலாபிஷேகமும் நிறைவடைந்துவிட்டது. கோபுரத்துச் சுதைவேலை, விமான வண்ணம், கொடிமரத்துக் கவசம் எல்லாவற்றையும் நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கான வரவு செலவு தணிக்கை முடிந்து, வசந்த மண்டபத்துப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கோபுரத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. திருப்பணிப் பணத்தில் குளக்கரையில் எதற்கு மேடை, மடைப்பள்ளிச் சுவரை எதற்கு இடித்தீர்கள், மரம் அறுக்கும் மிஷினுக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டார்கள். கேட்டது நியாயம். அதற்குப் பதில் சொல்லவே இந்த அறிக்கை.

தெற்குத் தெருவில் தீப்பிடித்த அந்த மாசி மாதப் பிற்பகலை உள்ளூரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சம்பா அறுப்பு முடிந்து வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் போட்டிருந்த நேரம். வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டர் தாழ்ந்து கிடந்த மின்கம்பியில் உரசியது. பொறி முதலில் போரில் விழுந்தது, அங்கிருந்து கீற்றுக்குத் தாவியது, காற்று அடுத்த கூரைக்குக் கொண்டுபோனது. தீயணைப்பு வண்டி தாமதிக்கவில்லை. போன் செய்த கால் மணி நேரத்தில் சன்னதித் தெரு முனைக்கு வந்துவிட்டது. ஆனால் தெற்குத் தெருவுக்குள் அதனால் திரும்ப முடியவில்லை. ஒரு பக்கம் கைப்பம்பு மேடை, மறுபக்கம் நம் மடைப்பள்ளிச் சுவர்.

அந்தச் சுவரைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது ஆதியில் இருந்த சுவர் இல்லை. போன திருப்பணியில் விறகு வைக்க இடம் வேண்டுமென்று, தெருப் பக்கமாக எட்டடி தள்ளி நாமே எழுப்பியது. அன்றைய குழுவினர் பெயர்களைப் பொறித்த கல்வெட்டில் என் பெயரும் இருக்கிறது. வீரர்கள் ஹோஸை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடினார்கள். வண்டியில் இருந்த தண்ணீர் சில நிமிடங்களில் தீர்ந்தது. குளத்தில் இறைக்கலாம் என்று ஓடி வந்து பார்த்தால், படித்துறைக்குக் கீழே பாளம் பாளமாக வெடித்த சேறு. மூன்று வீடுகள் போயின. ஆட்கள் தப்பினார்கள். கடைசி வீட்டு அப்பாயியின் கன்றுக்குட்டியை மட்டும் அவிழ்த்துவிட யாராலும் கிட்டே போக முடியவில்லை. மறுநாள் காலை அந்த முளைக்குச்சியையும் பாதி கருகிய கயிற்றையும் பார்த்துக்கொண்டு அப்பாயி உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே குழு கூடி, இந்த முறை திருப்பணி தெற்குத் தெருவிலிருந்து தொடங்கும் என்று தீர்மானம் போட்டது.

தீயணைப்பு நிலைய அலுவலரை அழைத்து ஊரை நடந்து காட்டினோம். கோயிலுக்கு எத்தனை தீயணைப்பான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தோம். அவர் கேட்டவை வேறு. பங்குனியில் தண்ணீர் எங்கே இருக்கும்? எந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்? கார்த்திகையில் முதலில் தண்ணீர் நிற்பது எந்தத் தெரு? கஜா புயலில் எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்தது? கேட்டுக்கொண்டே நடந்தார். அவர் போன பிறகு நாங்கள் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, மாதத்துக்கு மாதம் எதற்குப் பயப்பட வேண்டும் என்று எழுதினோம். தை, மாசி வைக்கோல் தீ. பங்குனியிலிருந்து வைகாசி வரை கூரைத் தீ, கோடை இடி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை புயலும் வடியாத மழைத் தண்ணீரும். காவிரியில் ஆடிப் பெருக்கின் மிச்ச வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்வதால் நம் கோரையாற்றுப் பக்கம் ஆற்று வெள்ளத்தைவிட வடிகால் அடைப்பே பெரிய எதிரி. இது நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எழுதி வைத்தது மட்டும் புதிது.

எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் வந்து, மூணாறு தலைப்பில் பிரிந்து கோரையாற்றில் நம் வாய்க்காலுக்கு எட்டும்போது ஆனி பிறந்துவிடும். அதன் பிறகுதான் குளம் நிரம்பும். தையிலேயே வற்றத் தொடங்கிவிடும். தீ வருகிற மாதங்களில் குளத்தில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இருக்கிற மாதங்களில் தீ வருவதில்லை. இத்தனை வருடமாகக் குளம் இருக்கிறது, குளம் இருக்கிறது என்று தைரியமாக இருந்துவிட்டோம்.

அதனால் குள வேலையை இரண்டாகப் பிரித்தோம். முதலில் வரத்து வாய்க்கால். சட்ரஸ் மதகிலிருந்து குளம் வரை நெய்வேலிக் காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் மண்டிக் கிடந்ததை வேரோடு எடுத்துத் தூர்வாரினோம். அடுத்து, குளத்தின் தரையில் ஈசானிய மூலையில் தனியாக ஒரு பள்ளம் வெட்டி, சுற்றிலும் கருங்கல் கட்டியிருக்கிறோம். குளம் வற்றினாலும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். கோடையில் குறைந்தால் கோயில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து விட்டு நிரப்ப ஏற்பாடு உண்டு. அதற்கு நேர் மேலே கரையில் கான்கிரீட் மேடை போட்டது, தீயணைப்பு வண்டி அதில் ஏறி நின்று உறிஞ்சுகுழாயைப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும் என்பதற்காக. தண்ணீர் பம்புக்கு இருபது அடிக்கு மேல் கீழே போய்விட்டால் இழுப்பது சிரமம் என்று நிலைய அலுவலர் சொன்னார். அதனால்தான் குழாயைப் படித்துறைப் பக்கம் இறக்காமல், கரை தாழ்ந்திருக்கும் இந்த மூலையைத் தேர்ந்தெடுத்தோம். தெப்பத் திருவிழாவின் அழகு கெட்டுவிடும் என்று வருத்தப்பட்ட பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: தெப்பம் சுற்றும் பாதைக்கு இது வெளியே இருக்கிறது, ஸ்தபதியை வைத்து அளந்து பார்த்த பிறகே வேலை தொடங்கியது.

மேடை கட்டி முடிந்த அன்று தீயணைப்பு வண்டியை வரவழைத்துச் சோதித்தோம். முதல் முறை இழுக்கவில்லை. குழாயின் வாயில் இருந்த சல்லடையை வெங்காயத்தாமரை வேர் ஒன்று அடைத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு பள்ளத்தைச் சுற்றிக் கம்பி வலை போட்டோம். இரண்டாம் முறை தண்ணீர் தெற்குத் தெருக் கடைசி வீடு வரை போய் அடித்தது. அப்பாயி வாசலில் நின்று நனைந்தார். உள்ளே போகச் சொல்லியும் போகவில்லை.

மடைப்பள்ளிச் சுவரைப் பழைய கோட்டுக்கே இழுத்துவிட்டோம். கைப்பம்பை எதிர்ப்புறம் மாற்றிக் கொடுத்தது ஊராட்சி. விறகு அறை இப்போது நெல் வைக்கும் கொட்டாரத்துக்குப் பின்னால். மடைப்பள்ளியின் கீற்றுச் சாய்ப்பை எடுத்துவிட்டு ஓடு போட்டிருக்கிறோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீ, சமையல் இடத்தில் கிளம்பி மேல்மாடிக் கீற்றில் ஏறியதுதான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கிற நாம், அடுப்புக்கு மேல் கீற்றை வைத்துக்கொண்டு அன்னதானம் போட்டுக்கொண்டிருந்தோம்.

யாகசாலையைப் பற்றி நடந்த வாக்குவாதம் எல்லோருக்கும் தெரியும். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து, வெளியேற வழியில்லாத நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊரிலிருந்தும் அன்றைக்குத் தரிசனத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் கீற்றும் தென்னந்தட்டியும் வேண்டாம், தகரக் கூரை போதும், நாலு பக்கமும் அகலமான வழி வேண்டும், மதிலுக்குள் வாணவேடிக்கை கூடாது என்று குழு முடிவெடுத்தது. தகரத்துக்குக் கீழே யாகமா என்று மூத்தவர்கள் சிலருக்கு மனத்தாங்கல். சர்வசாதகம் செய்த, அதாவது யாகத்தைத் தலைமையேற்று நடத்திய சிவாச்சாரியார்தான் தீர்த்து வைத்தார். "குண்டமும் வேதிகையும் முறையாக இருக்கட்டும். கூரை எதுவானாலும் எனக்குச் சம்மதம். வந்தவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்" என்றார். ஒவ்வொரு வழியிலும் மணல் வாளிகளோடு இரண்டு இளைஞர்கள் நாலு நாளும் நின்றார்கள். அவர்கள் பூர்ணாஹுதியைக் கண்ணால் பார்க்கவில்லை. குழு அவர்களுக்கு நன்றி சொல்கிறது.

தேரோடும் வீதியிலும் வேலை நடந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 27 விடியலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். நாம் மனுக் கொடுத்ததும் மின்வாரியத்தார் வந்து, நம் ஊர் மேலவீதித் திருப்பத்தில் கம்பியை உயர்த்திக் கொடுத்தார்கள். ஆனால் சாலை போடும்போதெல்லாம் தரை உயரும், கம்பி தாழும். இன்றைக்கு எடுத்த அளவு அடுத்த வருடத்துக்கு உதவாது. அதனால் தேர் அலங்காரத்தின் உச்சி உயரத்துக்கு ஒரு மூங்கிலைக் குறித்து வைத்திருக்கிறோம். தேருக்கு முதல் நாள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்த மூங்கிலோடு நாலு வீதியும் நடந்து பார்ப்பது இனிக் குழுவின் கடமை. தேர் நகரும் நேரத்திலும் மின்சாரம் நிற்கும். சீரியல் விளக்குகளைக் குறைத்துக்கொள்ள உபயதாரர்கள் ஒத்துழைக்க வேண்டும்.

ராஜகோபுரத்துக்குச் சாரம் கட்டியபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. இடிதாங்கியின் முனை மேலே நிமிர்ந்துதான் நின்றது. அதிலிருந்து இறங்கும் செம்புப் பட்டை, தரைக்கு ஆளுயரம் மேலே அறுபட்டிருந்தது. எப்போது யார் அறுத்தார்களோ தெரியாது, வெயிலில் அந்த முனை கறுத்திருந்தது. இடியை வாங்கித் தரைக்குள் இறக்க வழியில்லாத இடிதாங்கி, கோபுர வாசலில் நிற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. மழைக்கு ஒதுங்க நாமெல்லாம் நிற்பது அந்த வாசலில்தான். புதுப் பட்டை இழுத்து, கரியும் உப்பும் போட்டுத் தரைக்குழி அமைத்து, கீழ்ப்பகுதியைக் குழாய்க்குள் மூடியாயிற்று. வருடத்துக்கு ஒருமுறை கோடைக்கு முன் எலக்ட்ரீஷியன் வந்து எர்த் அளந்து பார்ப்பார். நடவு, களையெடுப்பு நேரத்தில் இடி கேட்டால் வயலில் நிற்காதீர்கள், தனி மரத்தடிக்கும் போகாதீர்கள், கோயில் மண்டபத்துக்கு உள்ளே வந்துவிடுங்கள். பகல் நடை சாத்தியிருந்தாலும் வெளிக்கதவு திறந்திருக்கும்.

இனி மரம் அறுக்கும் மிஷின். 2018 நவம்பர் 16, நள்ளிரவுக்கு மேல் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்தபோது சன்னதித் தெருவின் குறுக்கே புளியமரம், அதன் மேல் மின்கம்பம், அதன் மேல் தென்னை. பிரசவ வலி கண்ட பெண் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி, மரங்களுக்கு மேலேயே ஏறி இறங்கி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் இருந்த அரிவாளும் கோடரியும் அந்தப் புளியமரத்தோடு மூன்று நாள் போராடின. மாவட்டமே விழுந்து கிடக்கும்போது நம் ஊருக்கு முதலில் யார் வருவார்கள்? முதல் இரண்டு நாள் நம்மை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு நாளுக்கான பொருட்கள்தான் பழைய வாகன அறையில் இருக்கின்றன: மரம் அறுக்கும் மிஷின் இரண்டு, நல்ல வடம், டார்ச், லாரி டியூப், காலி மணல் மூட்டைகள், சவுக்குக் கட்டைகள், ஒரு ஜெனரேட்டர். பெட்ரோல் அங்கே கிடையாது, இருக்கவும் கூடாது. இருபத்தோரு பிள்ளைகள் தீயணைப்பு வீரர்களிடம் பயிற்சி எடுத்திருக்கிறார்கள், அதில் ஒன்பது பேர் பெண்கள். நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளின் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வீடுகளுக்கே முதலில் போவார்கள், பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ பேரிடர் மையத்துக்கோ அழைத்துப் போவார்கள். அழைத்தால் தயவு செய்து கிளம்புங்கள். கஜா இரவில் "என் வீட்டை விட்டு எங்கே போவேன்" என்று உட்கார்ந்துவிட்டவர்களை இழுத்து வந்ததில்தான் பாதி நேரம் போனது.

முடியாத வேலையையும் சொல்லிவிடுகிறேன். கீழத்தெரு வடிகால் வாய்க்கால் பாதிவரைதான் திறந்திருக்கிறது. கடைசி நூறடியில் இரண்டு கொல்லைகள் வாய்க்காலுக்குள் வந்திருக்கின்றன. இரு குடும்பத்தாரும் நம் கட்டளைதாரர்கள். பேசிக்கொண்டிருக்கிறோம், வழக்குக்குப் போக விருப்பமில்லை. ஐப்பசிக்குள் அது திறக்காவிட்டால் கீழத்தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதையும் மறைக்கவில்லை. கோயிலும் ஒரு காலத்தில் தெருவுக்குள் எட்டடி வந்துதான் இருந்தது, பிறகு பின்வாங்கியது. அதை அவர்களிடம் நேரில் சொல்ல நானும் தலைவரும் வருகிற வெள்ளிக்கிழமை போகிறோம். உறவுக்காரர்கள் யாரேனும் கூட வந்தால் நல்லது.

அறுப்புக்குப் பிறகு வைக்கோல் போரை வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் ஒட்டிப் போடாமல், களத்துமேட்டில் போட இடம் குறித்திருக்கிறோம். மின்கம்பிக்கு அடியில் யாரும் போடக்கூடாது. போர் பற்றிக்கொண்டால் மேலே தண்ணீர் ஊற்றி அணைந்துவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். உள்ளே கனன்றுகொண்டேயிருக்கும், பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீரே ஆகாது, அடுப்பை நிறுத்தித் தட்டைப் போட்டு மூடுங்கள். தீ என்றால் 101, எந்த அவசரத்துக்கும் 112.

வாகன அறைச் சாவி ஒன்று கோயில் காவல் பார்க்கும் மெய்க்காவலரிடமும், ஒன்று சன்னதித் தெரு டீக்கடையிலும், ஒன்று தெற்குத் தெருக் கடைசி வீட்டு அப்பாயியிடமும் இருக்கிறது. அமாவாசை தோறும் காலை மிஷின்களை ஓட்டிப் பார்ப்போம், பள்ளத்துத் தண்ணீரை அளந்து பலகையில் எழுதுவோம். ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளன்று தெற்குத் தெருவில் ஒத்திகை. அன்று காலை ஏழு மணிக்குத் தெருவில் வண்டி நிறுத்தியிருப்பவர்கள் எடுத்துவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு