ரேகன்ஸ்பூர்க் கல்பாலம் தானாக நிற்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் கல்பாலம் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். எங்கள் ஊர்ப் பாலத்தைத் தமிழில் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக யாரும் கை வைக்காமலே அது நிற்கிறது என்று எழுதியிருப்பது சரியல்ல. பாலத்தின் வடகரையில், ஸ்டட்டாம்ஹோஃபில் குடியிருக்கிறேன். வேலைக்குப் போவதும் வருவதும் அதன் மேல்தான்.

1135-இல் வறட்சியால் டான்யூப் ஆறு வற்றிக் கிடந்தபோது வேலையைத் தொடங்கி, 1146-இல் முடித்தார்கள். அதன் பிறகு அது பட்ட பாடு கொஞ்சமல்ல. 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் ராணுவமே சில வளைவுகளை வெடிவைத்துத் தகர்த்தது. அவற்றை முறையாகத் திரும்பக் கட்டி முடிக்க 1967 ஆகிவிட்டது.

அப்புறம் உப்பு. பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவுகிற உப்பு, உருகிய பனியோடு கல் இடுக்கில் இறங்கிவிடும். வெளியே தெரிவதுதான் செதுக்கிய கல். உள்ளே உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும். ஈரம் உள்ளே போய்க் குளிரில் உறைந்தால் கல் வெடிக்கும். பழைய கல்லில் கை வைத்தால் மணல் மணலாக விரலில் ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் 2010 முதல் 2018 வரை பகுதி பகுதியாகப் பிரித்து, கெட்ட கல்லை மாற்றி, மேலிருந்து தண்ணீர் இறங்காதபடி அடைத்தார்கள். அத்தனை வருடமும் நடந்து போகிறவர்களுக்கு வழியை மூடவில்லை. இது எனக்குப் பெரிய விஷயம்.

1997-இல் நகர மக்கள் வாக்களித்துத் தனியார் கார்களை நிறுத்தினார்கள். 2008-இல் பேருந்தும் நின்றது. பேருந்து மோதினால் கைப்பிடிச் சுவர் தாங்காது என்பது காரணம். எங்கள் தெருவில் முட்டிவலியோடு இருக்கும் பாட்டி ஒருவர் இன்றும் இதைச் சொல்லி வருத்தப்படுவார். சுற்றிப் போகும் பேருந்து அவருக்குச் சிரமம்தான். அவர் குறை நியாயமானது. வேறு இடத்தில் வழி செய்து தரட்டும். இந்தப் பாலத்தில் மட்டும் மறுபடி பேருந்தை விடக் கூடாது.

2006-இல் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதைக் கட்டுரை பெருமையாகச் சொல்கிறது. பட்டியல் உப்பைத் தடுக்கவில்லை, கல்தச்சர்கள்தான் தடுத்தார்கள். அடுத்த இணைப்பில் அவர்கள் செய்த பணி பற்றியும் நான்கு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்டட்டாம்ஹோஃப், ரேகன்ஸ்பூர்க்