மழை நாளில் புகைக்கறி: ஈரக் கரியைப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் பார்பிகியூ குழிக்கு முன்பதிவு செய்தவர்கள் சாரலுக்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. மழையில் புகையூட்டிய கோழி கசந்துபோவதற்குப் பெரும்பாலும் ஈரக் கரிதான் காரணம்.

மூடி போட்ட கரியடுப்பில் மழைத்துளி பட்டதும் மெல்லிய இரும்பு மூடியின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். உள்ளே 130 டிகிரி செல்சியஸ் இருந்த வெப்பம் மளமளவென இறங்கும். உடனே மூடியைத் திறந்து, நனைந்த கரியை அள்ளிப் போடுகிறார்கள். அது சரியாகப் பற்றாமல் வெள்ளைப் புகையைக் கக்கும். கறியின்மேல் பிசுபிசுவென்று படிந்து நாக்கில் கசக்கும். கரியைத் தனியாக மூட்டி, சாம்பல் பூத்த பிறகு கனலாகத்தான் சேர்க்க வேண்டும். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு கரியை மூடி போட்ட வாளியில் எடுத்துச் செல்லுங்கள். புகை மணத்துக்குக் கைப்பிடியளவு மரத்துண்டு இரண்டு போதும். அதை ஊறவைக்கவும் வேண்டாம்.

மழைக்குப் பயந்து மூடியின் மேல் துவாரத்தை அடைக்காதீர்கள். காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் அது இருக்கும்படி மூடியைத் திருப்பிவிடுங்கள். நனைந்த சாம்பல் களிபோல இறுகி அடித்துவாரத்தை அடைக்கும். குச்சியால் அவ்வப்போது கிளறிவிட வேண்டும். பூங்காக் குழிக்கு மூடி கிடையாது. கரியை ஒருபக்கம் ஒதுக்கி, மறுபக்கம் கறியை வைத்து, ஆழமான அலுமினியத் தட்டைக் கவிழ்த்து, ஓரத்தில் விரல் நுழையுமளவு ஓட்டை போட்டால் ஓரளவு புகை நிற்கும்.

முழு ஆட்டுத்தொடையெல்லாம் வெயில் நாளுக்கு. மழையில் எலும்புள்ள கோழித்தொடையே உத்தமம். அதற்கே இரண்டு மணி நேரம் ஆகலாம். நேரத்தை நம்பாமல் தெர்மோமீட்டரைச் சதையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். 75 டிகிரி காட்ட வேண்டும். தரைவீட்டில் செய்பவர்கள் முதல் ஒரு மணி நேரப் புகைக்குப் பிறகு உடனே சமையலறை ஓவனுக்கு (oven) மாற்றி வேகவைத்து முடிக்கலாம். அரைவேக்காட்டில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு தொடர்வது ஆபத்து.

அதைவிட ஆபத்து, மழைக்காக அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுப்பது. அணையும் நிலையிலுள்ள கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும்; அதற்கு வாசனையே இல்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

இடி கேட்டால் துவாரங்களை மூடிவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி கூடாது. திரும்பி வரும்போது கறி 60 டிகிரிக்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், எவ்வளவு செலவழித்திருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

வாசகர்,
தெம்பனிஸ்