ஐம்பத்தாறு வயதில் வேலை இழந்த மகனுக்கு

பெரம்பூர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நேற்றிரவு நீ தொலைபேசியில் பேசி வைத்ததிலிருந்து என் நினைவெல்லாம் புனேயில்தான் இருக்கிறது. இருபத்துநான்கு ஆண்டுகள் உழைத்த நிறுவனம், உன் பிரிவையே மூடுவதாகச் சொல்லி, இம்மாதக் கடைசியோடு விலகிக்கொள்ளச் சொல்லிவிட்டதாக நீ சொன்னபோது, உன் குரலில் கவலையைவிட வெட்கம்தான் அதிகம் தெரிந்தது. வெட்கப்படும்படி நீ எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை என்றாய். இந்த வாரமே சொல்லிவிடு. பெரியவளுக்கு இருபத்தொரு வயது, சின்னவன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் இவ்வளவு பணம் இருக்கிறது, மாதம் இவ்வளவுக்குள் நடத்தப் போகிறோம் என்று எண்களோடு சொன்னால் இருவரும் புரிந்துகொள்வார்கள். தினமும் காலையில் அலுவலகம் போவதுபோல் கிளம்பி வெளியே போய் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்களில் செலவு குறையவே இல்லை, ஏனென்றால் குறைக்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

தொலைபேசியில் ஆறுதல் சொல்லலாம், கணக்குச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் இருந்தவள் என்ற முறையில் உனக்குச் சொல்ல என்னிடம் முக்கியமாக ஒன்றுதான் இருக்கிறது. கைக்கு வரப்போகும் பணத்தை மொத்தத் தொகையாகப் பார்க்காமல், முதல் நாளே அதை மாதச் சம்பளமாக மாற்றிவிடு.

நம் ஊர்ப் பின்னி துணி ஆலை 1996இல் மூடப்பட்டது உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு சில ஆண்டுகள், கணக்குத் தீர்த்த பணத்தோடு எங்கள் கிளைக்கு வந்தவர்கள் பலர். ஒருநாள் ஒரு மேஸ்திரி தன் மனைவியோடு வந்தார். காசோலையும் பாஸ்புத்தகமும் அந்த அம்மாளின் மஞ்சள் பைக்குள் இருந்தன. நிரந்தர வைப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கினால் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, "மாசா மாசம் ஏழாம் தேதி வர்ற மாதிரி போடுங்கம்மா, மில்லு சம்பளம் அன்னிக்குத்தான் வரும், வாடகையும் மளிகைக் கடைக் கணக்கும் அந்தத் தேதிக்குத்தான்" என்றார். சில ரூபாய் வட்டி குறைவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஒரு பகுதியை வட்டிக்காகவும், மற்றதை வெவ்வேறு ஆண்டுகளில் முதிர்கிற சிறு சிறு வைப்புகளாகவும் போட்டுக் கொடுத்தேன். நான் ஓய்வு பெறும்வரை அந்தக் குடும்பத்தின் கணக்கு எங்கள் கிளையில் நடந்துகொண்டிருந்தது.

அதே காலத்தில் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி தருகிறோம் என்று சொன்ன ஃபைனான்ஸ் கம்பெனிகளில் மொத்தத்தையும் போட்டு, அவை மூடியபோது அசலையும் இழந்தவர்கள் உண்டு. மச்சானோடு சேர்ந்து கடை வைத்தவர்களும், வந்த பணத்தில் முதல் வேலையாக மாடி எழுப்பியவர்களும் உண்டு. 2000–01இல் அரசு வங்கிகளிலேயே விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது என்னோடு வேலை பார்த்த சிலரும் போனார்கள்; வட்டி விகிதங்களைப் பற்றி ஊருக்கே புத்தி சொன்னவர்கள், சொந்தப் பணம் மொத்தமாக வந்தபோது தடுமாறினார்கள். அறிவில்லாமல் அல்ல. வேலை போன அவமானத்தை ஏதாவது பெரிதாகச் செய்து துடைத்துவிட வேண்டும் என்ற வேகம் அது. உனக்கும் அந்த வேகம் வரும் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். அவர்கள் கொடுத்திருக்கும் தாளில் கையெழுத்திடும் முன், கணக்கைத் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல். நோட்டீஸ் காலச் சம்பளம், கருணைத் தொகை, மீதமிருக்கும் விடுப்புக்கான பணம், கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை, இந்த ஆண்டுக்கான போனஸ், பிடிக்கப் போகும் வருமான வரி ஆகிய ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்க வேண்டும். கிராஜுவிட்டியை நீயே சரிபார்க்கலாம். கடைசி அடிப்படைச் சம்பளத்தை, அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். உன் அடிப்படைச் சம்பளம் 80,000 என்றாய்; 24 ஆண்டுகளுக்கு 11,07,692 ரூபாய் வர வேண்டும். 20 லட்சத்துக்குள் இருப்பதால் அதற்கு வரி இல்லை. ராஜினாமா என்று எழுதித் தரச் சொன்னால், பிரிவு மூடப்பட்டதால் விலகுகிறேன் என்ற காரணத்தையும் சேர்த்து எழுது. விலகிய தேதியும் கொடுக்கப்பட்ட தொகைகளும் குறிப்பிடப்பட்ட சான்றிதழ் ஒன்றை நிறுவனத்தின் முத்திரையோடு வாங்கிவிடு. அது எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

உன் கைபேசி எண் நிறுவனம் கொடுத்தது அல்லவா? ஆதார், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்புநிதி (பிஎஃப்) எல்லாம் அந்த எண்ணோடு இணைந்திருந்தால், சிம்மைத் திருப்பிக் கொடுத்த மறுநாளிலிருந்து ஓடிபி எதுவும் உனக்கு வராது. இன்றைக்கே சொந்த எண்ணுக்கு மாற்றத் தொடங்கு. சம்பளச் சீட்டுகளையும், வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16களையும் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும் முன் இறக்கி வைத்துக்கொள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது உன் மருத்துவக் காப்பீடுதான். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். உனக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆனால் குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது; அப்படி மாறினால் இத்தனை ஆண்டுகள் காப்பீட்டில் இருந்தது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். இதைப் பணியில் இருக்கும்போதே மனிதவளப் பிரிவின் மூலம் எழுத்தில் கேட்க வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. அப்படியும் உங்கள் நால்வருக்கும் பிரீமியம் கணிசமாகத்தான் வரும். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார், இதில் வேண்டாம்.

பெரிய முடிவு எதையும் ஆறு மாதத்துக்கு எடுக்காதே என்பது என் பொதுவான யோசனை. ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, ஏனென்றால் அதற்குக் காலக்கெடு இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அறுபது வயதானவர்களுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். 55 முடிந்து, பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வுப் பயன்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் பணத்தைக் கொண்டு கணக்குத் தொடங்கலாம்; வயதாகி ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிறுவனச் சான்றிதழ் கேட்டது இதற்காகத்தான். இப்போது ஆண்டுக்கு 8.2 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு அதே விகிதம். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். உன் வருங்கால வைப்புநிதியில் 40 லட்சம் இருக்கிறது என்றாய். அதில் 30 லட்சத்தை எடுத்து இதில் போட்டால் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கங்களில் 61,500 ரூபாய் வரும், அதாவது மாதத்துக்கு 20,500. வட்டிக்கு வரி உண்டு. ஓர் ஆண்டுக்குள் எடுத்தால் வட்டி கிடைக்காது, அதன் பிறகும் முன்கூட்டி எடுத்தால் அசலில் பிடித்தம் உண்டு. ஆகவே அவசரத்துக்கென்று நினைக்கும் பணத்தை இதில் போடக் கூடாது. மீதிப் பத்து லட்சம் வைப்புநிதியிலேயே இருக்க விதி இடம் கொடுத்தால் இருக்கட்டும், இல்லையென்றால் மூன்று வங்கிகளில் பிரித்துப் போடு. வங்கி ஒன்றுக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான் காப்புறுதி என்பதை மறக்காதே.

நிறுவனம் உன் விலகல் தேதியை வைப்புநிதித் தளத்தில் பதிவு செய்ததா என்று பார்த்த பிறகே விண்ணப்பி. பெயரோ பிறந்த தேதியோ ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும். வருங்கால வைப்புநிதியோடு சேர்ந்து வரும் ஊழியர் ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்டாய். அதை இப்போதே தொடங்கினால் 58 வயதுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைத்து, அந்தக் குறைந்த தொகையையே வாழ்நாள் முழுக்கத் தருவார்கள். கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 என்ற உச்சவரம்பு இருப்பதால் உனக்கு நாலாயிரத்தை ஒட்டித்தான் கிடைக்கும். இரண்டு ஆண்டுகள் பொறுத்திரு.

இனி வீட்டுக் கணக்கு. மாதச் செலவு, வீட்டுக் கடன் தவணை 31,000 உட்பட, 90,000 என்றாய். மருமகளின் பள்ளிச் சம்பளம் 28,000, வட்டி 20,500, ஆக 48,500. குறைவது 41,500. கிராஜுவிட்டியும் மற்றவையும் சேர்த்து, வரி போக 19 லட்சம் வரும் என்று வைத்துக்கொண்டால், வேறு வருமானம் ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் மூன்றரை ஆண்டுகளுக்குமேல் தாங்கும். நீ நேற்று ஆறு மாதத்தில் தெருவுக்கு வந்துவிடுவோம் என்பதுபோல் பேசினாய். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அந்த 19 லட்சத்தைச் செலவுக் கணக்கோடு சேர்க்காமல் வேறொரு கணக்கில் போட்டு, ஒன்றாம் தேதி 41,500 மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடு. மருமகளையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக வை. நிரந்தர வைப்பு ஒன்றின் பேரில், அதை உடைக்காமல் தேவைக்குக் கடனெடுக்கும் ஓவர்டிராஃப்ட் வசதி வாங்கி வைத்துக்கொள். திடீர்ச் செலவுக்குக் கிரெடிட் கார்டைத் தொட வேண்டியிருக்காது. கிரெடிட் கார்டில் இப்போது பாக்கி இருந்தால் அதை மட்டும் வந்த பணத்தில் உடனே முழுதாகக் கட்டிவிடு.

வீட்டுக் கடனில் ஒன்பது லட்சம் பாக்கி, அதை முதலில் அடைத்துவிட்டால் நிம்மதி என்கிறாய். கடனில்லாத வீடு நல்லதுதான். ஆனால் அடைத்த பணத்தை அவசரத்துக்குத் திரும்பக் கேட்டால் வங்கி கொடுக்காது, மாதச் சம்பளம் இல்லாதவருக்குப் புதுக் கடன் கிடைப்பதும் கடினம். ஆறு மாதம் தவணையைக் கட்டிக்கொண்டு போ. அதற்குள் வேலை அமையாவிட்டால் பாக்கியில் பாதியைக் கட்டி, காலத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைக்கச் சொல். பதினைந்தாயிரத்தைச் சுற்றி வந்து நிற்கும். மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. தவணையைத்தான் குறைக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கம்போல் காலத்தைத்தான் குறைப்பார்கள்.

பெரியவளின் கடைசி ஆண்டுக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டிவிடு. சின்னவனுக்கு அடுத்த ஆண்டு கல்விக் கடன் வாங்கு. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகுதான் தவணை தொடங்கும். மகனைக் கடனாளியாக்குவதா என்று நீ தயங்குவாய். அவனுக்கு அந்தக் கடனை அடைக்க முப்பது ஆண்டு உழைப்பு முன்னால் இருக்கிறது. எழுபது வயதில் உனக்குச் சாப்பாட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கி எதுவும் இல்லை.

வேலையைப் பற்றி உன்னைவிட எனக்குத் தெரியாது. ஆனால் பழைய சம்பளம் கிடைத்தால்தான் போவேன் என்று நிற்காதே. மாதம் நாற்பதாயிரம் வந்தாலே மேலே போட்ட கணக்கில் துண்டு விழுவது ஏறக்குறைய நின்றுவிடும்; சேமிப்பை அதிகம் தொட வேண்டியதில்லை. புனேயைச் சுற்றிப் போசரியிலும் சாக்கனிலும் சிறிய அளவில் உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. முழுநேரம் உன்னை வைத்துக்கொள்ள முடியாத ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள் உன் அனுபவம் தேவைப்படலாம். உன்னோடு வேலை பார்த்து வெளியே போனவர்களிடம் வேலை போனதை மறைக்காமல் சொல். இந்த வயதில் விண்ணப்பத்தைவிடத் தெரிந்தவர்கள் மூலம் வருவதுதான் அதிகம். வேலை தருகிறோம், முதலில் இவ்வளவு கட்டுங்கள் என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடு. கூட்டு வியாபாரம், ஃப்ரான்சைஸ் என்று வருபவர்களிடம், அது சொந்தச் சித்தப்பா மகனே ஆனாலும், அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று சொல். என் பெயரைச் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மாதாமாதம் எனக்கு அனுப்பும் பத்தாயிரத்தை இந்த மாதத்திலிருந்து நிறுத்திவிடு. என் ஓய்வூதியம் எனக்குப் போதும், மருந்துச் செலவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ இதுவரை அனுப்பியதில் பெரும்பகுதி உன் பெயரை நாமினியாகப் போட்ட வைப்பில் அப்படியே இருக்கிறது. அதை மேலே போட்ட கணக்கில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை.

கணக்குத் தாள் கைக்கு வந்ததும், கையெழுத்திடும் முன், எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. விடுப்புக் கணக்கையும் வரிப் பிடித்தத்தையும் நான் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா