டாக்ஸை எழுதச் சொல்லாதே, சரிபார்க்கச் சொல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. புது டீமும் பழைய ரெபோவும் (கோட் சேமிப்பிடம்) கைக்கு வந்ததில் மகிழ்ச்சி. டாக்ஸ், அதாவது மென்பொருளை விளக்கும் ஆவணப் பக்கங்கள், மலையாகக் கிடக்கின்றன, எது உண்மை எது பழசு என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லாவற்றையும் ஏஐ-யிடம் கொடுத்துப் புதிதாக எழுதச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தாய்.

வேண்டாம். எழுதச் சொன்னால் அழகாக எழுதிவிடும், சிக்கலே அதுதான். சரியான வரியும் தப்பான வரியும் ஒரே தோரணையில் வந்து நிற்கும்போது ரிவ்யூ செய்பவர் எதைப் பிடிப்பார்? கோட் மாறும்போது எந்தப் பக்கத்தின் எந்த வரி பொய்யாகிறது என்று கண்டுபிடிக்க அதை வை. அந்த வேலையில் அது கெட்டி.

ஒரு உதாரணம் பார். கனெக்‌ஷன் டைம்அவுட்டின் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) டிஃபால்ட்டை ஒருவர் 30 வினாடியிலிருந்து 10 ஆக மாற்றுகிறார். கான்ஃபிகரேஷன் பக்கத்தில் இருக்கும் 30-ஐ கிரெப் (ஃபைல்களில் சொல் தேடும் கமாண்ட்) போட்டே பிடித்துவிடலாம். ஆனால் டிரபிள்ஷூட்டிங் பக்கத்தில் "அரை நிமிடம் காத்திருந்தும் பதில் வராவிட்டால் ஃபயர்வாலைப் பார்க்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 30 என்ற எண்ணும் இல்லை, டைம்அவுட் என்ற சொல்லும் இல்லை, கிரெப்புக்குச் சிக்காது. ஏஐ மாடல் டிஃபையும் (கோடில் எந்த வரி மாறியது என்று காட்டுவது) அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் இதைப் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அதற்கு முன்னால், கையால் எழுதும் பங்கையே குறைத்துவிடு. ஏபிஐ ரெஃபரன்ஸை (மற்ற நிரல்கள் நம் கோடை அழைக்கும் வழிகளின் பட்டியல்) மனிதரும் எழுதக்கூடாது, மாடலும் எழுதக்கூடாது. ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற ஃபிரேம்வொர்க்கில் ஓப்பன்ஏபிஐ ஸ்பெக் (அந்தப் பட்டியலுக்கான பொது வடிவம்) கோடிலிருந்தே தானாக வந்துவிடும். கமாண்ட் லைன் டூல் என்றால் ஹெல்ப் அவுட்புட்டை சிஐ-யில் (கோட் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை அமைப்பு) ஓட்டி அப்படியே பக்கத்தில் சேர்த்துவிடு. உதாரணக் கோடை ஓட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது: பைத்தானில் டாக்டெஸ்ட் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே உண்டு. ரஸ்டில் லைப்ரரியின் டாக் கமென்ட் உதாரணங்களை கார்கோ டெஸ்ட் சேர்த்தே ஓட்டிவிடும். கோ மொழியில் எக்ஸாம்பிள் ஃபங்ஷனின் கடைசியில் அவுட்புட் கமென்ட் இருந்தால்தான் அது ஓடும். இல்லாவிட்டால் கம்பைல் ஆவதோடு சரி. பலர் இதைக் கவனிப்பதில்லை.

மீதி இருப்பது விளக்கங்கள், வழிமுறைகள், எச்சரிக்கைகள். அவற்றுக்குத்தான் மாடல். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அது எந்த ஃபோல்டர், எந்த ஃபைல்களைப் பற்றிப் பேசுகிறது என்று இரண்டு மூன்று வரி போட்டு வை. புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வந்ததும் மாறிய ஃபைல்களுக்குப் பொருந்தும் பக்கங்களை மட்டும் ஸ்கிரிப்ட் பொறுக்கி எடுக்கட்டும். டாக்ஸ் மொத்தத்தையும் கொட்டினால் கான்டெக்ஸ்ட் விண்டோ (மாடல் ஒரே தடவையில் படிக்கக்கூடிய அளவு) தாங்கலாம், பதிலின் தரம் தாங்காது. ஃபைல் பெயர் மாறினால் இந்தத் தலைப்பு வரிகளே பொய்யாகிவிடும். ஆகவே அந்தப் பாதைகள் நிஜமாக இருக்கின்றனவா என்பதையும் சிஐ பார்க்க வேண்டும்.

டிஃபை மட்டும் கொடுத்தாலும் போதாது. கிட் டிஃப் வழக்கமாக மாற்றத்துக்கு மேலும் கீழும் 3 வரிதான் காட்டும். அதை வைத்து மாடல் ஊகிக்க ஆரம்பித்துவிடும். ஃபங்ஷன் கான்டெக்ஸ்ட் ஆப்ஷனைப் போட்டால் ஃபங்ஷன் முழுசாக வரும், அதைக் கொடு.

பிராம்ப்ட்டில் (மாடலுக்கு எழுதும் கட்டளை) மூன்று விஷயம் கேள்: டாக்ஸில் உள்ள வரி எழுத்துப் பிசகாமல், கோடில் உள்ள வரி எழுத்துப் பிசகாமல், இரண்டும் எங்கே மோதுகின்றன என்று ஒரே வாக்கியம். முரண் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல அனுமதியும் கொடு. அனுமதி இல்லாவிட்டால் எதையாவது கண்டுபிடித்தே தீரும். பதில் வந்ததும், மேற்கோள் காட்டிய வரிகள் அந்தந்த ஃபைலில் உண்மையில் இருக்கின்றனவா என்று சாதாரண ஸ்ட்ரிங் மேட்ச் போடு. இல்லாததைத் தூக்கி எறி. மாடல் இட்டுக்கட்டும் வரிகள் இந்த ஒரு வடிகட்டியில் நின்றுவிடும். மேற்கோள் சரியாக இருந்து முடிவு தப்பாக இருப்பதை மட்டும் மனிதர் பார்த்தால் போதும்.

நான் ரொம்பவும் அழுத்திச் சொல்வது இனிமேல்தான். கோடும் டாக்ஸும் முரண்பட்டால் டாக்ஸ்தான் தப்பு என்று மாடல் எடுத்துக்கொள்ளும். பல நேரம் அது சரி. ஆனால் "பணம் கழிக்கும் கோரிக்கையை ரீட்ரை செய்ய மாட்டோம்" என்று டாக்ஸ் சொல்லி, புதுக் கோட் மூன்று முறை ரீட்ரை செய்தால், அதாவது மறுபடி முயன்றால்? டாக்ஸ் அங்கே வாக்குறுதி, கோடில் இருப்பது பக். டாக்ஸைத் திருத்தி மெர்ஜ் செய்தால் (முதன்மைக் கோடோடு சேர்த்தால்) பக்குக்கு முத்திரை குத்திக் கொடுத்த கதைதான். அதனால் மாடல் முரணைச் சொல்லட்டும், எந்தப் பக்கம் மாற வேண்டும் என்பதை அந்தப் புல் ரிக்வெஸ்ட் போட்டவர் சொல்லட்டும்.

திருத்தம் எழுதச் சொல்லும்போது முரண்பட்ட வரிகளுக்கு மட்டும் பேட்ச் கேள். முழுப் பக்கத்தையும் திருப்பித் தரச் சொன்னால் நல்ல வரிகளையும் மெழுகிவிடும், டிஃப் சிவப்பும் பச்சையுமாகி ரிவ்யூ செய்ய முடியாமல் போகும். அந்த மெழுகலில் முதலில் காணாமல் போவது எச்சரிக்கைகள். "இந்த இரண்டு மைக்ரேஷனையும் இதே வரிசையில் ஓட்டவும்" (மைக்ரேஷன் என்பது டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) என்பதற்கான காரணம் கோடில் எங்கும் இருக்காது, மாடலுக்கு அது வெட்டி வரியாகத் தெரியும். எச்சரிக்கைகளைத் தனி பிளாக்காகக் குறித்து, அதில் ஒரு வரி அழிந்தாலும் மனிதர் அனுமதி இல்லாமல் மெர்ஜ் ஆகாதபடி வை.

ஏஜென்ட்ஸ் டாட் எம்டி மாதிரி, கோடிங் ஏஜென்ட்டுகளுக்காக வைக்கும் ஃபைலையும் இந்தச் சோதனையில் சேர்த்துவிடு. மனிதர் படிக்கும் பக்கம் பழசானால் அவர் குழம்பிப்போய்க் கேட்பார். ஏஜென்ட் கேட்காது, பழைய பில்ட் கமாண்டையோ கைவிட்ட ஃபோல்டரையோ நம்பிக் கோட் எழுதிவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை, உன் ரெபோ பொதுவில் இருப்பதால். வெளியாள் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டில் மாடலுக்கான கட்டளையே ஒளிந்திருக்கலாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஃபோர்க்கிலிருந்து (வெளியாள் எடுத்த ரெபோ நகல்) வரும் சாதாரண புல் ரிக்வெஸ்ட் ஈவென்ட்டுக்கு சீக்ரெட்கள் (ஏபிஐ கீ போன்ற ரகசியங்கள்) போகாது, புல் ரிக்வெஸ்ட் டார்கெட் என்ற ஈவென்ட்டில் போகும். மாடலின் ஏபிஐ கீ வேண்டுமே என்று சோம்பேறித்தனமாக அதற்கு மாறிவிடாதே. வெளியாள் மாற்றங்களுக்கு மெர்ஜ் ஆன பிறகு சோதனையை ஓட்டினால் போதும்.

முதல் சில வாரம் மெர்ஜைத் தடுக்காமல் கமென்ட் மட்டும் போடட்டும். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் புதுக் கமென்ட் வேண்டாம், பழையதையே திருத்தட்டும். இல்லாவிட்டால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். ஸ்கிரீன்ஷாட்களுக்கு இதில் நல்ல வழி இல்லை, முடிந்தவரை நீக்கிவிடு.

அதிகம் பார்க்கப்படும் பக்கங்களில் ஒன்றையும் அது பேசும் கோடையும் அனுப்பு. பிராம்ப்ட்டை அதை வைத்தே சேர்ந்து எழுதிவிடலாம்.

அன்புடன்,
கண்ணன்