விக்டோரியா கால வீட்டில் பெண்ணுக்கு எந்த அறை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் விக்டோரியா கால இங்கிலாந்தின் மாளிகைகளைப் பற்றி வந்த கட்டுரை படிக்கச் சுகமாக இருந்தது, படங்களும் அருமை. ஆனால் வெளியுலகம் ஆணுக்கு, வீடு பெண்ணுக்கு என்று அந்தக் காலத்தவர் சொல்லிக்கொண்டதைக் கட்டுரையாளர் அப்படியே நம்பிவிட்டார். வீட்டின் வரைபடத்தை எடுத்து ஒவ்வொரு கதவாகப் பார்த்தால் கதை வேறு.

ராபர்ட் கெர் என்ற கட்டடக் கலைஞர் 1864-ல், கனவான்களின் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று தடிமனாக ஒரு புத்தகமே போட்டார். சாப்பாட்டு அறை ஆண்மையோடு கம்பீரமாக, விருந்தினரை உட்காரவைத்துப் பேசும் டிராயிங் ரூம் பெண்மையோடு மென்மையாக என்பது அவர் கணக்கு. இரவு விருந்து முடிந்ததும் பெண்கள் எழுந்து டிராயிங் ரூமுக்குப் போய்விடவேண்டும், ஆண்கள் மதுவோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். சரி, ஆளுக்கு ஒன்று என்று விட்டுவிடலாம். அப்புறம் பில்லியர்ட்ஸ் அறை, புகைபிடிக்கும் அறை, துப்பாக்கி அறை, வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்து கணக்குவழக்குப் பார்க்க ஓர் அறை, பெரும்பாலும் நூலகமும்கூட, எல்லாம் ஆண்கள் பக்கம். அம்மணி தனியாக உட்கார பூட்வார் என்று ஒரு சின்ன அறை, அதுவும் வசதியுள்ள வீட்டில்தான். டிராயிங் ரூம் அவளுடையதுதானே என்பார்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சிரித்த முகத்தோடு தேநீர் கொடுக்கும் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியுமா?

மகாராணி வீட்டிலேயே இந்தக் கூத்து உண்டு. வைட் தீவிலுள்ள ஆஸ்போர்ன் மாளிகையில் விக்டோரியா, அவர் கணவர் ஆல்பர்ட் இருவரின் முதலெழுத்துகளும் சேர்ந்தே இருக்கும். புகைபிடிக்கும் அறைக் கதவின் மேல் மட்டும் ஆல்பர்ட்டின் எழுத்து தனியாக நிற்கிறது. அரசிக்குப் புகை ஆகாது.

கட்டுரை வாயே திறக்காத இன்னொரு விஷயம் வேலைக்காரப் பெண்கள். 1891-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டுவேலையில் இருந்தார்கள். குடும்பம் ஒரு சமூகம், வேலையாட்கள் வேறொரு சமூகம், நடுவில் கதவு மூடியே இருக்கவேண்டும் என்றுதான் கெர் திட்டம் போட்டார். சமையல் வாசனை எஜமானர் மூக்குக்கு எட்டக்கூடாதென்று அடுப்படியைத் தள்ளி வைத்ததில், சாப்பாடு நடைபாதையெல்லாம் கடந்து மேசைக்கு வருவதற்குள் ஆறிப்போகும். லண்டன் வரிசை வீடுகளிலோ அடுப்படி நிலவறையில், வேலைக்காரியின் படுக்கை கூரைக்கடியில். கரியும் வெந்நீரும் மாடி மாடியாக ஏறியது அவள் கையில்தான். அவளையும் சேர்த்துக்கொண்டா 'வீடு பெண்ணுக்கு' என்கிறோம்?

எஜமானி நிலையும் பெரிதில்லை. கல்யாணமான பெண் சொத்தைத் தன் பெயரில் முழு உரிமையோடு வைத்துக்கொள்ள அங்கே சட்டம் வந்ததே 1882-ல்.

இதே லண்டனில் ஆக்னஸ் காரெட், ரோடா காரெட் என்ற இரு உறவுக்காரப் பெண்கள் 1870-களில் சொந்தமாக வீட்டு உள் அலங்காரத் தொழில் நடத்தினார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் தனித்து வாழ, பொதுச் சாப்பாட்டுக்கூடத்தோடு 1889-ல் செனீஸ் தெருவில் எழுந்த குடியிருப்புக்குப் பின்னாலும் ஆக்னஸ் இருந்தார். அடுத்த கட்டுரை அவர்களைப் பற்றி வரட்டுமே. கூடவே ஒரு வீட்டின் தரைத்தள வரைபடத்தையும் போடுங்கள், முகப்புப் படம் மட்டும் போதாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி