அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களை ‘வெளியே’ என்று காட்டிய வருகைப் பதிவு: ஒரு புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: செவிலியர் மாநாட்டில் உங்கள் ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் அட்டையைப் படிக்கும் முறை) வருகைப் பதிவில் ஏற்பட்ட பிழைகள், மூலப் பதிவுகளைத் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த மாதம் இரண்டு நாள் நடந்த எங்கள் செவிலியர் மாநாட்டில் வருகையைப் பதிவுசெய்ய உங்கள் நிறுவனத்தை அமர்த்தியது நான்தான். அதனால் அங்கே நடந்ததற்கு உங்களிடம் பதில் கேட்கும் பொறுப்பும் எனக்கு இருக்கிறது. தொலைபேசியில் நான்கு முறை பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன்.

எங்களுக்கு வருகைப் பதிவு என்பது எவ்வளவு கூட்டம் வந்தது என்று பார்ப்பதற்கானது இல்லை. யார் எந்த அமர்வில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை வைத்துத்தான் தொடர்கல்விச் சான்றிதழ் தருகிறோம். வந்தவர்களில் பலருக்கு உரிமத்தைப் புதுப்பிக்க அந்த மணிக்கணக்கு தேவை. இதை முதல் சந்திப்பிலேயே உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் தெளிவாகச் சொன்னேன். “அட்டையை எங்கேயும் காட்ட வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்து போனாலே போதும், மற்றதை சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்” என்றார். உங்கள் அலுவலகத்தில் ஓர் அட்டையைக் கையில் பிடித்தபடி ஆன்டெனா முன் நடந்தும் காட்டினார். ஒவ்வொரு முறையும் சரியாகவே பதிவானது.

மாநாட்டில் முதல் அமர்வு தொடங்கும்போதே சிக்கல் தெரிந்துவிட்டது. நடு அரங்கின் வாசலில் ஒரு மூத்த செவிலியர் உள்ளே நுழைந்தார். திரையில் பெயர் வரவில்லை. திரும்பி வந்து மறுபடி நடந்தார், வரவில்லை. உங்கள் பணியாளர் “அட்டையைக் கொஞ்சம் முன்னால் தூக்கிப் பிடிங்கம்மா” என்றார். உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்ததும் பெயர் வந்தது. அதையே மூன்று தடவை நானும் செய்து பார்த்தேன். அட்டை மார்பில் படிந்தால் ஒன்றுமில்லை, தள்ளிப் பிடித்தால் பதிவாகிறது.

இதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த அட்டையில் பேட்டரி கிடையாது. ரீடர், அதாவது அட்டையைப் படிக்கும் கருவி, தன் ஆன்டெனா வழியாக அனுப்பும் ரேடியோ அலையிலிருந்து சக்தி எடுத்துக்கொண்டுதான் அது பதில் சொல்கிறது. நீங்கள் தந்தது யுஹெச்எஃப் வகை, அதாவது 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குவது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலையை உறிஞ்சிவிடும். அட்டை உடம்போடு ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கும் ஆன்டெனாவின் இசைவும் கெட்டுவிடும். நெரிசலில் முன்னால் போகிறவரின் உடம்பு பின்னால் வருகிறவரின் அட்டையை மறைத்துவிடும். நீங்களோ வாசலுக்கு ஒரே ஒரு பக்கம், இடுப்பு உயரத்தில் ஆன்டெனா வைத்திருந்தீர்கள். காலி அறையில் கையில் பிடித்து நடந்து காட்டியதை வைத்து, நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும் வாசலுக்கு எப்படி உறுதி கொடுத்தீர்கள்?

சரி, முதல் நாள் இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பதிவு விடுபடுகிறது என்று நாங்கள் சொன்னதும் உங்கள் தொழில்நுட்பர் ரீடரின் சக்தியை முழுதாக ஏற்றிவிட்டார். அப்புறம் எதிர்ப்பக்கத்துச் சிக்கல். இரண்டாம் அரங்குக்கும் மூன்றாம் அரங்குக்கும் இடையே இருந்தது மடக்குத் தடுப்புதான், ரேடியோ அலை அதைத் தாண்டிப் போகும். நடைபாதையில் சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் ஒரே நிமிடத்தில் இரண்டு அரங்குகளிலும் இருப்பதாகத் திரையில் வந்தது. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இவற்றைவிடப் பெரிய தவறு உங்கள் மென்பொருளில் இருக்கிறது. என் புகாரின் மையம் இதுதான், தயவுசெய்து இதை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். வாசலில் ஒரே ஆன்டெனா இருந்தால் ஒருவர் உள்ளே போகிறாரா வெளியே வருகிறாரா என்று அதற்குத் தெரியாது. திசை தெரிய வேண்டுமானால் வாசலுக்கு உள்ளும் புறமுமாக இரண்டு இடங்களில் படித்து, எது முதலில் என்று பார்க்க வேண்டும். உங்கள் மென்பொருளோ முதல் பதிவை ‘உள்ளே’ என்றும், அடுத்ததை ‘வெளியே’ என்றும், மூன்றாவதை மறுபடி ‘உள்ளே’ என்றும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு போகிறது. நடுவில் ஒரு பதிவு விடுபட்டால் அன்று முழுவதும் கணக்கு தலைகீழாகிவிடும். காலையில் நுழையும்போது விடுபட்டவர், இடைவேளைக்கு வெளியே வரும்போது ‘உள்ளே’ ஆகிறார், திரும்பி வந்து உட்கார்ந்ததும் ‘வெளியே’ ஆகிறார். வாசலருகே நின்று பேசிக்கொண்டிருந்தவர்களோ, ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை உள்ளே வெளியே போனதாகப் பதிவாகியிருக்கிறார்கள்.

இரவுப் பணி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர் ஒருவர். கடைசி அமர்வில் கேள்வி கேட்டதும் அவர்தான். உங்கள் பட்டியலில் அவர் அரங்கில் இருந்த நேரம் 40 நிமிடம். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

பட்டியல் தவறு என்று நாங்கள் எழுதிக் கேட்டபோது இரண்டே நாளில் ‘திருத்திய பட்டியல்’ அனுப்பினீர்கள். அதில் குறைவாக இருந்த எல்லோருக்கும் ஒரே அளவாக 80 விழுக்காடு வருகை போட்டிருக்கிறது. எதை வைத்துப் போட்டீர்கள் என்ற விளக்கம் எங்குமே இல்லை. முதல் நாள் மதியமே ஊருக்குக் கிளம்பிய ஒருவருக்கும் 80 விழுக்காடு! கருவி தவறாகப் படித்தது பிழை. பதிவே இல்லாத இடத்தில் எண்ணை நிரப்புவதை நான் பிழை என்று ஏற்க மாட்டேன். அந்தப் பட்டியலை நம்பி எங்கள் கையெழுத்தோடு ஒரு சான்றிதழ்கூடத் தர முடியாது.

இன்னொன்று. அட்டையின் சிப்பில் ஒரு வரிசை எண் மட்டுமே இருக்கும், பெயரும் மற்ற விவரங்களும் சர்வரில்தான் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்கள். பங்கேற்ற ஒருவர் தன் மருத்துவமனையில் துணிகளை எண்ண வைத்திருக்கும் கைரீடரில் அட்டையைப் படித்துப் பார்த்திருக்கிறார். அவர் பெயரும் கைபேசி எண்ணும் அப்படியே வந்திருக்கின்றன. கைபேசி எண்ணைக் கொடுத்தவர்கள் மாநாட்டுச் செய்திகளுக்காகக் கொடுத்தார்கள். பக்கத்தில் ரீடரோடு நிற்கும் யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுக்கவில்லை.

ஆரம்பத்தில் நாங்கள் கேட்டது 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டை. வாசலில் ரீடர் மீது வைத்து எடுத்துவிட்டுப் போகும் முறை. சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் படிக்கும் என்பதால், ஒருவர் வைத்தார் என்றால் வைத்தார், அதில் சந்தேகம் வராது. “வரிசை நிற்கும், பங்கேற்பாளர்களுக்குப் பிடிக்காது” என்று சொல்லி எங்களை மாற்றியது நீங்கள். எங்கள் செவிலியர்கள் வரிசையில் இரண்டு நிமிடம் நின்றிருப்பார்கள், அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

இப்போது எனக்கு உடனடியாக வேண்டியது மூலப் பதிவு. டேக் எண் (அட்டையின் எண்), எந்த ரீடர், எந்த ஆன்டெனா, நேரம், சிக்னலின் வலிமை என்று ரீடர்கள் எழுதியது அப்படியே, உங்கள் மென்பொருள் கைவைப்பதற்கு முன் இருந்த வடிவில் வேண்டும். இரண்டாம் நாள் எங்கள் தன்னார்வலர்கள் ஒவ்வொரு வாசலிலும் கையால் எழுதிய வருகைத் தாள்கள் இருக்கின்றன, நகல்களை இத்துடன் அனுப்புகிறேன். இரண்டையும் ஒப்பிட்டு நாங்களே கணக்கைச் சரிசெய்வோம். அந்த வேலைக்கு மென்பொருளை அறிந்த ஒருவரை நீங்கள் எங்களோடு உட்கார வைக்க வேண்டும். ‘திருத்திய பட்டியல்’ செல்லாது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கணக்கு முடிந்ததும் பங்கேற்பாளர்களின் கைபேசி எண்களை உங்கள் சர்வரிலிருந்து அழித்து, அதையும் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொள்வது எங்கள் பொறுப்பு, அந்த வேலை தொடங்கிவிட்டது.

இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் மூலப் பதிவு வந்தாக வேண்டும். அதுவரை மீதித் தொகை நிறுத்திவைக்கப்படும். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் சிலருக்கு இந்த மாதத்தோடு முடிகிறது, அவர்களுடைய பெயர்களைக் கடிதத்தோடு தனித்தாளில் இணைத்திருக்கிறேன். முதலில் அந்தப் பெயர்களுக்கு உரிய பதிவுகளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாநாட்டு ஒருங்கிணைப்பாளர்