வேட்பாளரின் மகள் வேட்பாளர் அல்லள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வாசகர் பக்கத்தில் சென்ற மாதம் வெளியான ஒரு கடிதத்தில், "பெற்ற பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவர் தொகுதியை எப்படிக் கவனித்துக்கொள்வார்?" என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் கேள்வி. டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் நாம் எத்தனையோ முறை கேட்ட கேள்வி. ஆனால் அது ஒவ்வொரு முறையும் யார் தலையில் போய் விழுகிறது என்பதை, முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 2008 ஆகஸ்ட் 29 அன்று, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினைத் தம்முடைய துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் பேலினுக்கு ஐந்தாவது குழந்தை பிறந்திருந்தது. அது அவருடைய குழந்தையே அன்று, மூத்த மகளின் குழந்தை என்று இணையத்தில் வதந்தி கிளம்பி, இரண்டு மூன்று நாளில் எங்கும் பரவியது. அந்தப் பொய் எழுந்துவிட்ட நிலையில், பதினேழு வயதான அந்த மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி என்ற உண்மையைக் குடும்பமே செப்டம்பர் 1 அன்று ஊரறியச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணின் பெயரை நான் வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை.

அன்றே மிச்சிகனில் செய்தியாளர்கள், மெக்கெய்னை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பராக் ஒபாமாவிடம் கருத்துக் கேட்டார்கள். எதிரணி திணறிக்கொண்டிருந்த நேரம். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவரோ, குடும்பத்தினரை, அதிலும் குறிப்பாகப் பிள்ளைகளை, அரசியலுக்குள் இழுக்கக் கூடாது என்றும், பேலினின் ஆட்சித் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும், தம் தாய் தம்மைப் பெற்றபோது அவருக்கும் பதினெட்டு வயதுதான் என்றும் சொன்னார். தம் பிரசாரக் குழுவில் எவருக்காவது இதில் பங்கு இருப்பதாகத் தெரிந்தால், அவரை வேலையை விட்டே நீக்கிவிடுவதாகவும் கூறினார்.

இதற்கு எதிராக அப்போது ஒரு வாதம் வைக்கப்பட்டது. திருமணம்வரை பாலுறவிலிருந்து விலகியிருங்கள் என்று மட்டும் பள்ளியில் சொல்லித்தந்தால் போதும் என்ற கொள்கையைப் பேலின் ஆதரித்தவர். ஆகவே மகளின் நிலையே அந்தக் கொள்கையின் தோல்விக்குச் சாட்சி என்றார்கள். எனக்கும் அந்தக் கொள்கையில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்தப் பெண் கர்ப்பமாகாமல் இருந்திருந்தால் அந்தக் கொள்கை சரியானதாக ஆகிவிடுமா? பல்லாயிரம் மாணவர்களின் வாழ்க்கையைக் கொண்டு எடைபோட வேண்டிய ஒன்றை ஒரே ஒரு சிறுமியை நிறுத்திவைத்து எடைபோட முடியாது. பேலின் தரப்பையும் நான் விடுவதற்கில்லை. இரண்டே நாளில் கட்சி மாநாட்டு மேடையில், நாடே பார்க்க, அந்தப் பெண்ணையும் அவளுடைய காதலனையும் குடும்பத்தோடு நிற்கவைத்தார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவியின் தந்தை வார்டு கவுன்சிலர் பதவிக்கு நின்றார். அவள் பேருந்து நிறுத்தத்தில் உடன் படிக்கும் பையனோடு பேசிக்கொண்டிருந்ததை யாரோ படம்பிடித்து, "வீட்டைக் காக்காதவரா வார்டைக் காக்கப்போகிறார்?" என்று எழுதி, வார்டு முழுவதும் வாட்ஸ்ஆப்பில் சுற்றவிட்டார்கள். திருப்புதல் தேர்வு நேரம். கணக்குத் தேர்வுக்கு வந்தவள், விடைத்தாளில் பெயரையும் முதல் கேள்வியின் எண்ணையும் எழுதிவிட்டு, மீதி நேரம் முழுவதும் ஸ்கேலை வைத்து ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். தாளை வாங்கும்போது என்னிடம், "எங்கப்பா தோத்துட்டா அந்தப் படத்த அழிச்சிருவாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வார்டில் மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும். அதைப் பற்றி அவள் தந்தையைக் கேள்வி கேட்டு ஒரு படம்கூடச் சுற்றவில்லை. அவருக்கு மகன் இருந்து, அவன் ஒரு பெண்ணோடு நின்று பேசியிருந்தால், அந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்றே எவருக்கும் தோன்றியிருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதனால் அரசியல்வாதிகளின் பிள்ளைகளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகனுக்கு ஒப்பந்தம் போனாலும், மகளுக்குப் பதவி கிடைத்தாலும், பிள்ளை மீதான வழக்கு காவல் நிலையத்திலேயே அமுங்கிப்போனாலும் கேட்கத்தான் வேண்டும். ஏனெனில் அங்கே மக்கள் கொடுத்த அதிகாரம் கைமாறியிருக்கிறது. அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன், துப்பாக்கி வழக்கில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்ட தம் மகன் ஹன்டருக்கு மன்னிப்பு வழங்கப்போவதில்லை என்று சொல்லிவந்து, 2024 டிசம்பர் 1 அன்று வழங்கினார். அதை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் தகும். ஆனால் அதே மகனின் அந்தரங்கப் படங்களை 2023 ஜூலையில் நாடாளுமன்றக் குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் தூக்கிக் காட்டினாரே, அதிலிருந்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன இருந்தது?

நம்முடைய தேர்தல் நடத்தை விதிகள், பிற கட்சிகளின் தலைவர்கள், தொண்டர்கள் ஆகியோரின் பொதுவாழ்வோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையை விமர்சிக்கக் கூடாது என்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றி அந்த இடத்தில் தனியே ஒரு சொல் இல்லை. 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் பிறப்பித்த உத்தரவும் பிரசாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்துவதைத்தான் தடுத்தது; எதிராளியின் குழந்தையைத் தூற்றுவதைப் பற்றியதன்று அது. பிரிட்டனின் பத்திரிகை ஆசிரியர்களோ, பெற்றோரின் புகழையோ பதவியையோ மட்டுமே காரணம் காட்டி ஒரு குழந்தையின் சொந்த வாழ்க்கையை வெளியிடக் கூடாது என்று தங்கள் நெறிமுறையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அத்தகைய ஒரு வரியைத் தங்கள் இதழும் அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே வெளியிட வேண்டும் என்றும், செய்திகளுக்கு மட்டுமல்லாமல் வாசகர் பக்கத்தில் வரும் கடிதங்களுக்கும் அதைப் பொருத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.